இரத்தத்துக்கு உறுதி எழுதும் நொத்தாரிசு யார்?

ஓமந்தைக்கு அண்மையில், ஒரு குளக்கட்டின் கீழ்க் கூடிய கமக்காரர் கூட்டமொன்றுக்குச் சென்ற மாதம் நாமும் சென்றிருந்தோம். கூட்டத்தின் முன் இருந்தவை இரண்டே விடயங்கள். சிறுபோகத்துக்குத் தண்ணீரைப் பங்கிடுவது எவ்வாறு என்பது ஒன்று. காணிக்கு உறுதியோ அனுமதிப்பத்திரமோ இல்லாத குடும்பங்களின் பெயர்களைத் திரட்டிப் பிரதேச செயலகத்துக்கு அனுப்புவது எவ்வாறு என்பது மற்றொன்று. முதலாவது விடயம் அரைமணி நேரத்தில் முடிந்தது. இரண்டாவதற்கு வந்தபோது ஒருவர் எழுந்தார். கல்வி கற்றவர், மேடைகளில் பேசிப் பழகியவர், தமிழ் மக்களின் உரிமைக்காகக் குரல் கொடுத்தவர். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பெயர்களைச் சுட்டி, “இவர்கள் தமிழ் பேசுவது உண்மை. ஆனால் எங்கள் இரத்தமல்ல. குமரிக்கண்டம் தொட்டு இந்த மண்ணில் வேரோடிய இனம் நாங்கள். முதலில் எங்கள் பெயர்கள் போகட்டும், இவர்களைப் பிறகு பார்ப்போம்” என்றார். சிலர் தலையசைத்தனர், பலர் தலைகுனிந்தனர்.

பின்வரிசையிலிருந்த மூதாட்டி ஒருவர் எழுந்து ஒரேயொரு கேள்வி கேட்டார்: “ஐயா, கொளம் ஒடைஞ்ச அன்னைக்கு மண்ணு மூட்டை தூக்குனது எந்த ரத்தம்?”

அந்தக் கேள்விக்கு அன்று எவரும் மறுமொழி கூறவில்லை. தலைகுனிந்தவர்களில் நாமும் ஒருவர் என்பதை ஒப்புக்கொண்டே இதனை எழுதுகிறோம். அன்று சொல்லியிருக்க வேண்டியதை இன்று சொல்லாது விடின், நாம் கற்ற சட்டத்தாலும் பயனில்லை. நடத்தும் இயக்கத்தாலும் பயனில்லை.

“இரத்தம்”, “இனம்”, “ஆதிக்குடி” என்னும் சொற்கள் இந்நாட்டில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மேடையேறி வருகின்றன. கொழும்பில் அவை “ஆரியம்” என்று பேசின. எம்மிடையே “தொன்மைத் திராவிடம்” என்று பேசின. இச்சொற்கள் எங்கிருந்து வந்தன? எந்தச் சாட்சியின் பேரில் வந்தன? நீதிமன்றத்தில் ஒரு குழி காணிக்கு வழக்காடுபவன்கூட உறுதியைக் காட்ட வேண்டும். ஒரு முழுத் தீவையே தனதென வழக்காடுபவன் காட்டும் உறுதி எது? அதை எழுதிய நொத்தாரிசு யார்? சாட்சிகளை ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றி விசாரிப்போம்.

முதற் சாட்சி: மொழி நூலார்

1786ஆம் ஆண்டில் கல்கத்தாவில் சேர் வில்லியம் ஜோன்ஸ் என்னும் ஆங்கில நீதிபதி, சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன் ஆகிய மொழிகள் ஒரே தாயின் பிள்ளைகளாக இருத்தல் வேண்டும் என்று எடுத்துரைத்தார். 1816இல் சென்னையில் எல்லிஸ் என்பவர், தென்னாட்டு மொழிகள் சமஸ்கிருதத்தின் வழி வந்தவையல்ல, தமக்கெனத் தனிக் குடும்பம் உடையவை என்று காட்டினார். 1856இல் கால்டுவெல் ஐயர் அதனை விரிவாக நிறுவி, அக்குடும்பத்துக்குத் “திராவிடம்” என்னும் பெயரை நிலைபெறச் செய்தார். சிங்களம் வட இந்திய மொழிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதும் பின்னர் அறிஞர்களால் தெளிவுறுத்தப்பட்டது. ஜேர்மன் அறிஞர் கைகர் அதன் இலக்கணத்தை 1938இல் எழுதி வெளியிட்டார். இவை யாவும் மொழி பற்றிய முடிவுகள். இவற்றோடு எமக்குப் பிணக்கில்லை.

பிணக்கு எங்கே தொடங்குகிறது? மொழிக்கு இட்ட பெயரை உடம்புக்கு இட்டபோது தொடங்குகிறது. ஆரிய மொழி பேசுவோர் ஆரிய இரத்தத்தினர் என்றும், திராவிட மொழி பேசுவோர் திராவிட எலும்பினர் என்றும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதத் தலைப்பட்டனர். அந்தக் குழப்பத்துக்கு வழிதிறந்தவர்களுள் ஒருவர் ஒக்ஸ்போர்ட் பேராசிரியர் மாக்ஸ் முல்லர். ஆனால் அதே மாக்ஸ் முல்லர் 1888இல், ஆரியம் என்று தாம் சொல்வது மொழியை மட்டுமே, இரத்தத்தையோ எலும்பையோ மயிரையோ அன்று எனத் திட்டவட்டமாக மறுத்துரைத்தார். சாட்சி தன் வாக்குமூலத்தைத் தானே மீளப்பெற்றுக்கொண்டார்! எந்த நீதிபதியும் அவ்வாக்குமூலத்தின் பேரில் தீர்ப்பளியார். ஆனால் அரசியல் மேடை அளித்தது, இன்னும் அளித்துக்கொண்டிருக்கிறது.

மொழி வேறு, இரத்தம் வேறு என்பதற்கு ஐரோப்பா வரை செல்ல வேண்டியதில்லை. சிலாபத்திலிருந்து நீர்கொழும்பு வரையுள்ள கரையைப் பாருங்கள். அங்கு தமிழ் பேசி, தமிழில் செபம் சொல்லி வாழ்ந்த கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் பல, பாடசாலையின் மொழி சிங்களமாகியதும் இரண்டு மூன்று தலைமுறைக்குள் சிங்களம் பேசுவோராயின. பாட்டன் தமிழன், பேரன் சிங்களவன். இடையில் மாறியது பள்ளிக்கூடத்துப் பாடப்புத்தகமா, உடம்பின் இரத்தமா? தென்னிலங்கைக் கரையோரத்துக் கராவ, சலாகம, துராவ சமூகங்களுள்ளும் தென்னிந்தியாவிலிருந்து பல நூற்றாண்டுகளாக வந்து கலந்தோர் பலர் என்பது வரலாற்றாசிரியர் அறிந்தது. இன்று அவர்களுக்குள்ளிருந்தும் ஆரியச் சிங்களம் பேசும் தலைவர்கள் தோன்றுகிறார்கள். வேடிக்கை எனச் சிரிக்கலாம். சிந்தப்பட்ட இரத்தத்தை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

இரண்டாம் சாட்சி: அளவுகோல் பிடித்தவர்கள்

மொழி நூலார் பின்வாங்கிய இடத்தில் மண்டையோடு அளப்பவர்கள் முன்வந்தனர். இந்தியாவில் றிஸ்லி என்னும் ஆங்கில அதிகாரி 1891இல் மூக்கை அளந்தார். மூக்கு அகல அகலச் சாதி தாழும் என்பது அவர் கண்ட “விதி”. அவரே 1901ஆம் ஆண்டு இந்தியக் குடிசன மதிப்பின் ஆணையாளருமானார். அளந்த கையே எண்ணவும் எண்ணியது. எண்ணிய கையே சாதிகளை ஏணிப்படியில் நிறுத்தவும் நிறுத்தியது. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த தேர்ஸ்டன் தென்னாட்டுக் குடிகளைக் கருவிகொண்டு அளந்து, 1909இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளையும் குலங்களையும் பற்றி நூல் வெளியிட்டார்.

எம் தீவில் இந்த அளவுகோலுக்கு முதலில் இரையானோர் வேடர். பெர்லினில் இருந்தபடியே ருடொல்ப் விர்ச்சோ என்னும் மருத்துவப் பேரறிஞர், வேடரின் மண்டையோடுகளை ஆராய்ந்து 1881இல் எழுதினார். சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்து சரசின் என்னும் உறவினர் இருவர் 1883இல் இங்கு வந்து, எலும்புக்கூடுகளைத் திரட்டிச் சென்று, மனித வளர்ச்சி ஏணியின் அடிப்படியில் வேடரை நிறுத்தினர். கல்லறை தோண்டி எடுத்த எலும்பை விஞ்ஞானம் என்று பெயரிட்டுப் பெட்டியில் பூட்டினர். அதே காலத்தில் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குச் சென்றிருந்த வேடர் மண்டையோடுகள் ஒன்பது 2019ஆம் ஆண்டிலேதான் வேடர் தலைவரிடம் திருப்பிக் கையளிக்கப்பட்டன. ஒரு மக்கள் கூட்டம் தன் முன்னோரின் தலையைக் கேட்டுப் பெறுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்றது!

இந்த அளவுகள் எதை நிரூபித்தன? அளந்தவர்களே சொல்லட்டும். விர்ச்சோ ஜேர்மனியில் ஏறத்தாழ 67 இலட்சம் பள்ளிப் பிள்ளைகளின் கண், மயிர், தோல் ஆகியவற்றின் நிறத்தைக் கணக்கெடுத்தார். தூய ஜேர்மானியனுக்குரியதெனக் கொண்டாடப்பட்ட பொன்மயிரும் நீலக்கண்ணும் வெண்தோலும் ஒருங்கே உடையோர் மூன்றிலொரு பங்கினர்கூட இலர் எனக் கண்டார். அமெரிக்காவில் பிரான்ஸ் போவாஸ், ஐரோப்பாவிலிருந்து குடியேறியோரும் அவர்தம் பிள்ளைகளுமாக ஏறத்தாழ 18,000 பேரை அளந்து 1911 அளவில் முடிவை வெளியிட்டார். என்றும் மாறாத இன அடையாளம் எனப்பட்ட மண்டையின் வடிவம், புது நாட்டில் பிறந்த பிள்ளைகளிடம் ஒரே தலைமுறையில் மாறக் கண்டார். அளவுகோல் எதன்மேல் ஊன்றி நின்றதோ அந்த நிலமே வழுக்கிற்று. 1950இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, பண்பாட்டு நிறுவனம் அறிஞர்களைக் கூட்டி, இன உயர்வு தாழ்வுக்கு விஞ்ஞான ஆதாரம் இல்லையென அறிக்கை வெளியிட்டது.

அதற்குள் நடக்கக்கூடாதது நடந்து முடிந்துவிட்டது. “ஆரிய இரத்தம்” காப்பதற்கென 1935இல் நூரெம்பேர்க்கில் சட்டம் செய்த ஹிட்லரின் ஆட்சி, யூத மக்களைக் கோடரியும் கூசும் வண்ணம் அழித்தது. அவர்களோடு கொல்லப்பட்டவர்களுள் ரோமா என்னும் நாடோடி மக்களும் இருந்தனர். அம்மக்களின் தாய்மொழியோ வட இந்தியாவிலிருந்து அவர்களோடு சென்ற ஆரியக் குடும்பத்து மொழி! ஆரிய மொழி பேசியவர்களை ஆரியத்தின் பெயரால் கொன்றார்கள். இதற்கு மேல் இக்கோட்பாட்டின் பொய்மைக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

இன்னொரு நூலின் கதையையும் கேளுங்கள். 1911இல் எம் நாட்டு வேடரைப் பற்றி மனைவியோடு சேர்ந்து நூல் எழுதியவர் செலிக்மன். அவரே 1930இல் ஆபிரிக்க இனங்களைப் பற்றியும் எழுதினார். ஆபிரிக்காவில் உயர்ந்தவையெல்லாம் வடக்கிலிருந்து வந்த “ஹமித்திய” இரத்தத்தின் கொடை என்பது அந்நூல் பரப்பிய கோட்பாடு. ருவாண்டாவில் அக்கோட்பாட்டைத் துணைக்கொண்ட பெல்ஜிய ஆட்சியினர், ஒரே மொழி பேசி ஒரே மலையில் வாழ்ந்த மக்களை ஹூட்டு, டுட்சி என அடையாள அட்டையில் எழுதிப் பிரித்தனர். 1994இல் வீதித்தடைகளில் அந்த அட்டை கேட்கப்பட்டது. நூறு நாட்களில் பல இலட்சம் பேர் மாண்டனர். நூலகத்தில் எழுதிய வரி வீதித்தடையில் கத்தியாயிற்று.

வீதித்தடை என்றால் என்னவென்று ஓமந்தை மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்தின் பின் கண்டி வீதியில் இங்கு அமைந்த சாவடியில் எத்தனை நாள் வெயிலில் நின்றோம்! 2009இல் இறுதிப் போரிலிருந்து தப்பி வந்தவர்கள் இதே ஓமந்தையில் நிறுத்தப்பட்டு, தரம் பிரிக்கப்பட்டு, எத்தனை தாய்மாரின் கையிலிருந்து பிள்ளைகள் பிரிக்கப்பட்டனர்! அச்சாவடி 2015இல் அகற்றப்பட்டது. வீதியிலிருந்து அகன்ற சாவடியை எம் கூட்டங்களில் நாமே மறுபடி நாட்டலாமா? இதுவே எம் கேள்வி.

மூன்றாம் சாட்சி: குடிசன மதிப்பு

“அரசாங்கமே இனம் இனமாக எண்ணுகிறதே, அது பொய்யா?” என்பர் சிலர். அந்தக் கணக்கேடுகளையும் புரட்டுவோம். 1871ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட குடிசன மதிப்பில் இத்தீவில் 24 “இனங்களும்” 78 “தேசியங்களும்” காணப்பட்டன. பத்தே ஆண்டுகள் கழித்து, 1881இல், இனங்கள் ஏழாகச் சுருங்கிவிட்டன: ஐரோப்பியர், சிங்களவர், தமிழர், சோனகர், மலாயர், வேடர், ஏனையோர். பத்தாண்டில் பதினேழு இனங்கள் மாண்டனவா? கடலில் மூழ்கினவா? இல்லை, எண்ணிய எழுதுவினைஞரின் அட்டவணை மாறியது, அவ்வளவே. பின்னர் 1911இல் தமிழர் “இலங்கைத் தமிழர்”, “இந்தியத் தமிழர்” என இரண்டாகப் பிளக்கப்பட்டனர். எம் கூட்டத்தில் அன்பர் இரத்தத்தில் கண்ட கோடு, உண்மையில் வெள்ளைக்காரனின் பேனா 1911இல் கீறிய கோடு!

எம் வன்னியின் பெயரே இதற்கு எதிர்ச்சாட்சி. “வன்னியர்” என்பது இங்கு ஒரு பதவிப் பெயர். பனங்காமத்திலும் முல்லைத்தீவிலும் தமிழ் பேசிய குறுநிலத் தலைவர்கள் அப்பட்டம் தாங்கினர்; நுவரகலாவியவில் சிங்களம் பேசிய தலைவர்களும் அதே பட்டம் தாங்கினர். 1681இல் வெளிவந்த தன் நூலில் ரொபேர்ட் நொக்ஸ், கண்டி அரசனுக்கும் ஒல்லாந்தருக்கும் இடையே கயிலை வன்னியனின் நாடு நின்ற நிலையைக் குறித்திருக்கிறான். காட்டுக்கும் குளத்துக்கும் இடையே வாழ்ந்த அம்மக்களைச் சேர்த்துக் கட்டியது குளத்துத் தண்ணீரும் காவலும் திறையும். மண்டையோட்டின் அளவு எவருக்கும் பட்டம் கொடுக்கவில்லை.

கண்டியையும் நோக்குங்கள். சிங்கள பௌத்தத்தின் கடைசி முடி 1739 முதல் தென்னிந்திய நாயக்க வம்சத்தார் தலையில் இருந்தது. கடைசி அரசன் 1815இல் பிடிபட்டு வேலூருக்கு நாடுகடத்தப்பட்டான். யாழ்ப்பாணத்தையும் நோக்குங்கள். திராவிடம் பேசும் எம் அன்பர்கள் பெருமையோடு எடுத்தோதும் யாழ்ப்பாணத்து அரசர்கள் தம்மை “ஆரியச் சக்கரவர்த்திகள்” என்றே அழைத்துக்கொண்டனர்! ஆரியர் என்போரிடம் தென்னாட்டு மன்னர். திராவிடர் என்போரிடம் ஆரியப் பட்டம். இரத்தக் கோட்பாட்டினர் இதற்கு என்ன விடை சொல்வர்?

எம் வீட்டுக் குப்பை

தெற்கே இக்கோட்பாடு செய்த தீமையை நாம் மறைக்கவில்லை. அநகாரிக தர்மபால ஆரியச் சிங்களத்தின் தூய்மையைப் பேசி, சோனக வணிகரைப் பகைவராகச் சுட்டினார். 1915இல் முஸ்லிம் மக்களுக்கெதிராகக் கலகம் மூண்டது. ஆடைக்குக்கூட “ஆரிய சிங்கள” எனப் பெயரிட்டனர். 1956ஆம் ஆண்டு 33ஆம் இலக்கச் சட்டம் தனிச் சிங்களத்தை அரியணையேற்றியது; 1958, 1977, 1983 என வன்முறைகள் தொடர்ந்தன. பின்னர் ஆரியம் அலுத்தவர்கள் வேறு வழி தேடினர். முனிதாச குமாரதுங்க 1941இல் தொடங்கிய ஹெல இயக்கம், விஜயன் வருமுன்பே நாம் இங்கிருந்தோம் என்றது. வந்தேறிய பெருமையும் தமதே, வந்தேறாத பெருமையும் தமதே!

ஆயினும் தெற்கைக் குற்றக்கூண்டில் ஏற்றிவிட்டு எம் வீட்டுக் குப்பையைப் பாய்க்கு அடியில் தள்ளுவது நேர்மையாகாது.

1888இல் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் இனத்தால் தமிழரே என்று வேத்தியல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையில் கட்டுரை படித்தார். சட்டநிருபண சபையில் அவர்களுக்குத் தனி உறுப்பினர் வேண்டுமா என்பதே அப்போது நாட்டின் முன் நின்ற கேள்வி. 1907இல் ஐ. எல். எம். அப்துல் அசீஸ், தாங்கள் அராபியர் வழிவந்தோர் என மறுத்தெழுதினார். ஒரு மக்களுக்குப் பிரதிநிதித்துவம் வேண்டுமா என்பதை அவர்களிடமே கேட்டறிய வேண்டியிருக்க, இருதரப்பும் பாட்டனின் பாட்டன் எவர் என்று வழக்காடின! தன்னை யாரென்று ஒரு சமூகம் தானே சொல்லும் உரிமையை, “உன் இரத்தம் எமக்குத் தெரியும்” என்று கூறி மறுத்த பிழையின் முளை அது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் மக்கள் தமிழ்த் துப்பாக்கி முனையில் வெளியேற்றப்பட்டபோது எம்மில் எத்தனை பேர் வாய் திறந்தோம்? அயலவனை அந்நியனாகக் காணும் கண்ணை முன்னரே பழக்கி வைத்திருந்தோம். ஆகவே அன்று வாய் அடைத்திற்று.

இனிக் குமரிக்கண்டத்துக்கு வருவோம். எம் பழைய இலக்கியங்களில் கடல்கோள் பற்றிய நினைவு உண்டு. அதை நாம் மதிக்கிறோம். ஆனால் மேடைகளில் முழங்கும் பெருங்கண்டம் வேறு வழியாக வந்தது. 1864இல் ஸ்கிலேற்றர் என்னும் ஆங்கில விலங்கியலார், மடகஸ்காரிலும் இந்தியாவிலும் காணப்பட்ட லெமூர் வகை விலங்குகளுக்கு விளக்கம் தேடி, “லெமூரியா” என்றொரு கண்டம் மூழ்கியிருக்கலாம் என ஊகித்தார். ஜேர்மன் அறிஞர் ஹெக்கெல் அதனை மனித குலத்தின் தொட்டிலாக்கினார். நாம் அதைத் தமிழரின் தொட்டிலாக்கினோம். கண்டங்கள் நகர்கின்றன எனப் புவியியல் நிறுவிய பின்னர் அந்த ஊகத்துக்கே தேவையற்றுப் போயிற்று. விலங்கியலார் கைவிட்ட பொருளை நாம் இன்னும் தலையில் சுமந்து திரிகிறோம். தமிழின் பெருமைக்கு மூழ்கிய கண்டம் ஒன்று முட்டுக்கொடுக்க வேண்டுமா? இரண்டாயிரமாண்டு இலக்கியம் உடைய மொழிக்கு இதைவிட இழிவு உண்டா?

சட்டம் என்ன கேட்கிறது?

1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் தேசவழமைக்குச் சட்ட வலுக் கிடைத்தது. “யாழ்ப்பாண மாகாணத்து மலபார்க் குடிகள்” எனும் தொடரை அது கொண்டிருந்தது. தமிழரை மலபாரிகள் என்றழைத்ததே ஐரோப்பியரின் பிழை, அது நிற்க. அச்சட்டம் ஒருவரைக் கட்டுப்படுத்துமா என்று வழக்கு வந்தபோதெல்லாம், தமிழர் என்பது மட்டும் போதாதென்று நீதிமன்றங்கள் அவருடைய நிலையான குடியிருப்பைத் தேடின. எங்கே வீடு? எங்கே வாழ்வு? எங்கே திரும்பி வரும் எண்ணம்? மூக்கை அளக்க எந்த நீதிபதியும் ஆளனுப்பவில்லை.

இரத்தத்தைக் கேட்ட சட்டமும் ஒன்று உண்டு. அதை நினைவூட்டுவது எம் கடமை. 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமே அது. இங்கு பிறந்து, இங்கு உழைத்து, இங்கு வாக்களித்து வந்த மனிதனை நோக்கி அது கேட்டது: “உன் தந்தை எங்கே பிறந்தான்? இல்லையேல் உன் பாட்டனும் பூட்டனும் எங்கே பிறந்தனர்? பத்திரம் காட்டு!” மன்னாரில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை என்று காட்டுப்பாதையில் நடந்து, வழியில் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் உறவினரைப் பறிகொடுத்து, கோப்பியும் தேயிலையும் நட்டவர்களிடம் பாட்டனின் பிறப்புப் பத்திரம் எங்கிருந்து வரும்? ஏழு இலட்சம் அளவிலான மக்கள் ஒரே சட்டத்தால் நாடற்றவராயினர். 1949இல் இவ்விவகாரத்தை ஒட்டியே தமிழர் அரசியல் இரண்டாகப் பிளந்தது. “இன்று அவர்களுக்கு, நாளை எங்களுக்கு” என எச்சரித்துத் தனிவழி சென்றோரே தமிழரசுக் கட்சியை நிறுவினர். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என மக்களைச் சாக்கு எண்ணுவதுபோல் எண்ணிப் பங்கிட்டனர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை அத்துயரம் முற்றாகத் தீரவில்லை.

அந்த மக்களில் ஒரு பகுதியினரே 1958இலும் 1977இலும் 1983இலும் உயிர்தப்பி வன்னிக்கு ஓடிவந்தனர். தமிழர் என்பதற்காக அடிக்கப்பட்டு, தமிழர் மண் என்று நம்பி வந்தனர். காடு வெட்டினர், மேட்டுக்காணி திருத்தினர், பிறர் வயலில் கூலிக்கு நின்றனர். போர் வந்தபோது எம்மோடு இடம்பெயர்ந்தனர், எம்மோடு பதுங்குகுழியில் இருந்தனர், எம்மோடு பிள்ளைகளைப் புதைத்தனர். இன்று அவர்களிடம், “உன் பாட்டன் எங்கே பிறந்தான்?” என்று எம் கூட்டத்தில் ஒருவர் கேட்கிறார். வாசகர்களே, இது எவருடைய கேள்வி? 1948இல் கொழும்பு கேட்ட அதே கேள்வி! ஒரு சொல்லும் மாறவில்லை. கேட்பவரின் மொழி மட்டும் மாறியிருக்கிறது.

எதிர்வாதம்

“தெற்கிலுள்ளோர் இனம் பேசும்போது நாம் மட்டும் ஆயுதத்தைக் கீழே போடுவதா?” என்பர். எம் மறுமொழி இது: அது எமது ஆயுதமல்ல, எம் கழுத்துக்கே திரும்பும் கத்தி. தமிழ் மக்களின் கோரிக்கை இரத்தத்தின்மேல் நின்றதாயின், அதை ஒரு சோதனைக்குழாய் தகர்த்துவிடும். அண்மைக் கால மரபணு ஆய்வுகள், தென்னாசிய மக்கள் அனைவரும் பல கலப்புகளின் வழிவந்தோர் என்பதையும், சிங்களவரும் இலங்கைத் தமிழரும் ஒருவருக்கொருவர் மிக நெருங்கியோர் என்பதையும் காட்டுகின்றன. அதைக் கையிலெடுத்து, “இரத்தம் ஒன்றே, பின் உங்களுக்குத் தனியுரிமை எதற்கு?” என்று நாளை ஒருவர் கேட்பார். இரத்தம் வேறு என்பதால் உரிமை கேட்டவன் அன்று வாயடைத்து நிற்பான்.

நாம் நிற்கமாட்டோம். ஏனெனில் எம் கோரிக்கை இரத்தத்தின்மேல் நிற்கவில்லை. தமிழ் பேசும் மக்கள் தம் மொழியில் கற்கவும் ஆளவும் நீதி பெறவும், தாம் தலைமுறை தலைமுறையாக வாழும் நிலத்தில் தம் காரியங்களைத் தாமே நடத்தவும், தம்மை இன்னார் என்று தாமே சொல்லவும் கேட்கின்றனர். மொழி, நிலம், வாழ்வு, மனவிருப்பு என்னும் நான்கு தூண்களில் நிற்கும் வழக்கு இது. இதை எந்த அளவுகோலாலும் தகர்க்க இயலாது. ஆனால் ஒன்றை மறவாதிருப்போம்: அந்த நான்கு தூண்களும் மலையகத்திலிருந்து வந்த தாய்க்கும் உரியவை, திரும்பி வரும் முஸ்லிம் குடும்பத்துக்கும் உரியவை. எமக்கு வேண்டுமென்று கேட்பதைப் பிறருக்கு இல்லையென்று சொல்பவனின் வழக்கு முதல் தவணையிலேயே தள்ளுபடியாகும்.

“இனம்” என்ற ஒரே சொல்லை உடற்கூறு, மக்கட் கூட்டம், தேசம் என்ற மூன்று பொருளிலும் நாம் வழங்கி வருகிறோம். அச்சொல்லின் மயக்கத்தில் நஞ்சு புகுகிறது. பேசும்போது எந்தப் பொருளில் பேசுகிறோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.

செய்ய வேண்டியது

வெறும் கண்டனத்தோடு நிறுத்துவது எம் வழக்கமன்று. ஓமந்தைப் பகுதியின் ஒவ்வொரு கமக்கார அமைப்பும் ஒவ்வொரு கிராம அபிவிருத்திச் சங்கமும் மூன்று காரியங்களைச் செய்ய வேண்டுமென அழைக்கிறோம். ஒன்று: காணிப் பட்டியலில் பெயர்கள் குடியிருந்த காலத்தின் ஒழுங்கிலும் தேவையின் ஒழுங்கிலும் மட்டுமே எழுதப்பட வேண்டும், பூர்வீகம் கேட்கும் நிரல் எங்கிருந்தாலும் வெட்டப்பட வேண்டும். இரண்டு: தண்ணீர்ப் பங்கிலும் சங்க நிருவாகத்திலும் குடியேறிய குடும்பங்களுக்கு வாக்கும் இடமும் இருக்க வேண்டும். “தோட்டக்காட்டான்” என்ற சொல் எந்தக் கூட்டத்தில் எழுந்தாலும் தலைவர் அங்கேயே அதை நிறுத்த வேண்டும். மூன்று: பத்திரம் இல்லாதோருக்குப் பத்திரம் எழுதவும் மனு வரையவும் சட்டம் கற்றோர் முன்வர வேண்டும். எம் பங்குக்கு ஞாயிறு தோறும் அதற்கென நேரம் ஒதுக்கியிருக்கிறோம், கட்டணம் இல்லை.

அடுத்த கூட்டம் வரவிருக்கிறது. அதே பட்டியல் மறுபடி மேசைக்கு வரும். அன்று எம் பிரேரணை இதுவாக இருக்கும்: உறுதியற்ற அனைவர் பெயரும் ஒரே தாளில், ஒரே ஒழுங்கில், ஒரே நாளில் அனுப்பப்படுக. எதிர்ப்பவர் எழட்டும், தம் இரத்தத்துக்கு உறுதி எழுதிய நொத்தாரிசின் பெயரையும் சொல்லட்டும். சொல்ல இயலாதெனின், குளக்கட்டில் மண்மூட்டை சுமந்த கைகளுக்கு வழி விடட்டும்.

அந்த மூதாட்டியின் கேள்விக்கு இம்முறை நாம் தலைகுனிய மாட்டோம்.